எத்தனை முறை இரட்டிக்கும்?

(அட்சய திருதியை விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

 

அட்சய திருதியை ஆதிநாதராகிய விருஷப தேவருக்கு உரிய நன்னாள். நெடுநாள் உண்ணாதிருந்த அப்பெருமான், அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்பின் சாற்றை ஏற்று நோன்பை நிறைவு செய்த நாள் இது என்பது சமண மரபு. அம்மரபு மற்றொரு செய்தியையும் கூறும். துறவு பூணுவதற்கு முன் அவர் தம் புதல்வியர் இருவரையும் அருகில் அமர்த்திக் கல்வி தந்தார். பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் கற்பித்தார். ஆகவே அம்மரபின்படி முதன்முதலில் கணக்குக் கற்ற மாணவி ஒரு பெண்; கற்பித்த ஆசிரியர் அவளுடைய தந்தை; பள்ளிக்கூடம் அவர்தம் வீடு.

இந்த நாளில் அந்தச் சுந்தரியை நினைப்பது பொருத்தமே. இன்றும் மாலைதோறும் பல வீடுகளில் ஒரு சிறுமி கணக்கேட்டை விரித்து வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று விழிக்கிறாள். அத்தகைய வீடு ஒன்றை மனத்தில் இருத்திப் பாருங்கள். இதனைக் கதை என்றே கொள்ளுங்கள். ஆயினும் இதில் வரும் கணக்கு மெய்.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் வழியில் உள்ளது வேடசந்தூர். குடகனாறு பாயும் நிலம். மழை பொய்த்தால் ஆறு மணற்பரப்பாய்க் கிடக்கும். புகையிலை ஆராய்ச்சி நிலையமும் நூற்பாலைகளும் அவ்வூருக்கு அடையாளங்கள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்பின் பொருட்டு வந்த சமணர் ஒருவர் அங்கு நூற்பாலையொன்றில் பணியாற்றுகிறார். இளமையில் நெல் மண்டியில் கணக்கெழுதிய அவருடைய முதிய தந்தையும் உடனிருக்கிறார். மகள்கள் இருவர். மூத்தவளுக்குத் திருமணம் உறுதியாகியிருக்கிறது. இளையவள் பதினோராம் வகுப்பில் பயில்கிறாள்.

ஒரு மாலை அவள் முன் இருந்த வீட்டுக் கணக்கு இது: 50,000 ரூபாய், ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டியில், எத்தனை ஆண்டுகளில் இரு மடங்காகும்? சூத்திரம் அவளுக்குத் தெரியும். மடக்கை அட்டவணையும் கையில் உண்டு. விடை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் என்பதும் தோழியின் ஏட்டைப் பார்த்துத் தெரிந்துவிட்டது. பார்த்தெழுதி முடித்துவிடலாம். ஆனால் பணம் பெருகும் கணக்கில் மடக்கை எதற்காக வருகிறது என்பது அவளுக்கு விளங்கவில்லை.

“தாத்தா, மடக்கை என்றால் என்ன?” என்று கேட்டாள்.

“அந்தப் பாடம் நான் படித்ததில்லை அம்மா. கணக்கைப் படி, கேட்கிறேன்” என்றார் முதியவர்.

அவள் படித்தாள். “ஓராண்டு கழித்து எவ்வளவு?” என்றார். 54,000 என்றாள். “இரண்டாம் ஆண்டு?” 58,320. “முதலாண்டு நாலாயிரம் கூடிற்று, அடுத்த ஆண்டும் நாலாயிரம்தானே கூட வேண்டும்? முந்நூற்றிருபது எங்கிருந்து வந்தது?” “அது வட்டிக்கு வந்த வட்டி, தாத்தா.” “அப்படியானால் நீ கூட்டிக்கொண்டு போகவில்லை, பெருக்கிக்கொண்டு போகிறாய். ஆண்டுதோறும் 1.08 ஆல் பெருக்குகிறாய். எத்தனை முறை பெருக்கினால் இரண்டு மடங்கு வரும் என்பதுதானே கேள்வி?”

கேள்வி அதுவேதான். தனி வட்டி கூட்டல் வழியில் நடப்பது. கூட்டு வட்டி பெருக்கல் வழியில் நடப்பது. பழைய நீதி நூல்கள் கூட்டு வட்டியைச் சக்கர விருத்தி என்று அழைத்து, அதனைத் தகாதது என ஒதுக்கின. பெருக்கல் வழியில் நடக்கும் ஒன்றைக் குறித்து, ‘எத்தனை முறை?’ என்று கேட்டால், அதற்குரிய விடையின் பெயரே மடக்கை. மடங்கு என்னும் சொல்லோடு அதற்குள்ள உறவு காதில் விழுந்தாலே பாதி அச்சம் நீங்கும்.

முதியவர் எழுந்து சென்று, பரணில் கிடந்த பழைய முகத்தலளவைக் கருவிகளை எடுத்து வந்தார். மண்டிக் காலத்து நினைவாக வைத்திருந்தவை. “இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஆழாக்கிலிருந்து எத்தனை முறை இரட்டித்தால் நாழி?” மூன்று முறை என்றாள். “ஒரு நாழியில் எத்தனை ஆழாக்கு?” எட்டு. “எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. தூணிக்கு எத்தனை முறை?” அவள் விரல்விட்டு எண்ணினாள். நாழிக்கு மூன்று, குறுணிக்கு ஆறு, பதக்குக்கு ஏழு, தூணிக்கு எட்டு. தூணியில் 256 ஆழாக்கு. 256 என்னும் எண்ணுக்கு, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எட்டு. பாடநூல் சொன்னதும் நெல் மண்டி சொன்னதும் ஒன்றே என்பதை அவள் அப்போது கண்டாள்.

“ஆனால் மூன்று தூணிதான் ஒரு கலம். கலத்துக்கு எத்தனை முறை?” என்று முதியவர் கேட்டபோது அவள் திகைத்தாள். கலத்தில் 768 ஆழாக்கு. எட்டு முறை இரட்டித்தால் 256. ஒன்பது முறை இரட்டித்தால் 512. பத்து முறை இரட்டித்தால் 1,024. கலம் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நிற்கிறது. மூன்று என்னும் எண் இரட்டிப்புக்குள் முழுமையாக அடங்காததால் விடை பின்னமாகிறது. 256ஐ மூன்றால் பெருக்கும்போது, 256இன் மடக்கையோடு மூன்றின் மடக்கையைக் கூட்ட வேண்டும். எட்டும், ஒன்றரைக்குச் சற்று மிகையும் சேர்ந்து, ஒன்பதரைக்குச் சற்று மேல் வருகிறது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தருவது மடக்கையின் தலையாய பயன்.

இங்கே ஒரு பெரியவரை நினைவுகூர்தல் கடமை. புட்பதந்தர், பூதபலி என்னும் ஆசாரியர் இருவர் அருளிய சட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் பேருரை வகுத்தவர் வீரசேன ஆசாரியர். அவ்வுரை 816ஆம் ஆண்டில் நிறைவுற்றதாக அறிஞர் பலர் கொள்வர். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாமோ அந்தத் தொகைக்கு அவர் அர்த்தச்சேதம் என்று பெயரிட்டு ஆள்கிறார். மூன்றால் வகுத்தால் திரிகச்சேதம். நான்கால் வகுத்தால் சதுர்த்தச்சேதம். இரு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கழியும் என்னும் விதிகளும் அவ்வுரையில் உள்ளன. அர்த்தச்சேதத்துக்கு மீண்டும் அர்த்தச்சேதம் காண்பதற்கும் வர்க்கசலாகை என்னும் பெயர் உண்டு.

அவருக்கு அத்தேவை எவ்வாறு எழுந்தது? சமண உலக நூல் கற்றோர் அறிவர். நடுவில் உள்ள சம்புத் தீவின் விட்டம் ஒரு லட்சம் யோசனை. அதனைச் சூழ்ந்த லவண சமுத்திரத்தின் அகலம் இரண்டு லட்சம். அதனைச் சூழ்ந்த தாதகீ கண்டம் நான்கு லட்சம். காலோத சமுத்திரம் எட்டு லட்சம். இவ்வாறு ஒவ்வொரு வளையமும் முன்னதன் இரு மடங்காய் விரிகிறது. 1,024 லட்சம் யோசனை அகலமுள்ள வளையம் எத்தனையாவது? 1,024ஐ ஒன்று வரும் வரை பாதியாக்கிக்கொண்டே வந்தால் பத்து முறை ஆகும். ஆதலின் அது சம்புத் தீவுக்கு அப்பால் பத்தாவது வளையம். சிறுமியின் ஏட்டிலிருந்த வட்டிக் கணக்கும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை. அங்கே வளையம், இங்கே ஆண்டு.

தவளாவின் ஓலைச்சுவடிகள் மூடுபிதிரியில் நூற்றாண்டுகளாகப் போற்றிக் காக்கப்பட்டன. ஈராலால் சைன் அவர்களின் பதிப்பில் 1939 முதல் தொகுதி தொகுதியாக அச்சேறின. அதன்பின்னரே, லக்னோப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண சிங் முதலியோர் அதிலுள்ள கணிதத்தை உலகறிய எடுத்துக்காட்டினர். பத்து விழுக்காடு, பன்னிரண்டு விழுக்காடு என்று வரும் எந்த எண்ணுக்கும் உடனே பயன்படும் அட்டவணையைத் தந்த பெருமை மேலை நாட்டாருடையது. ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர் 1614இல் தம் மடக்கை நூலை வெளியிட்டார். ஹென்றி பிரிக்ஸ் அதனைப் பத்தை அடியாகக் கொண்டதாக மாற்றி, 1624இல் விரிவான அட்டவணை தந்தார். எண்ணம் இங்கே முன்னரே முளைத்தது. பலரும் எடுத்தாளும் கருவியாக அது அங்கே விளைந்தது. இரண்டையும் ஒருசேர மதிப்பதே கற்றோர்க்கு அழகு.

வட்டிக் கணக்கிலும் சமணர் பின்தங்கியதில்லை. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ 850ஆம் ஆண்டளவில், மகாவீராசாரியர் கணித சார சங்கிரகம் என்னும் நூலை இயற்றினார். முதல், வட்டி, காலம் ஆகியவை கலந்து வரும் கணக்குகள் அதில் நிறைய உண்டு. அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் பதிப்பித்தவர், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார்.

இனி வேடசந்தூர் வீட்டுக்குத் திரும்புவோம். முதியவர் கேள்வியைத் தெளிவாக்கினார். அட்டவணையைப் பயன்படுத்தும் முறையைப் பேத்தி அவருக்குக் கற்பித்தாள். “இந்த அட்டவணை பத்தை அளவாகக் கொண்டது தாத்தா. இரண்டின் மடக்கை 0.3010. 1.08இன் மடக்கை 0.0334.” முதியவர் சற்றே எண்ணிப் பார்த்தார். “அப்படியானால் ஒன்று ஏற வேண்டிய உயரம், மற்றொன்று ஒரு படியின் உயரம். எத்தனை படி என்று பார்.” அவள் வகுத்தாள். ஒன்பதுக்கு ஒரு மயிரிழை மேல். சரிபார்க்கவும் செய்தாள்: ஒன்பதாம் ஆண்டு முடிவில் 99,950 ரூபாய். லட்சத்துக்கு ஐம்பது ரூபாய் குறைவு. தோழியின் ஏட்டில் ஏன் ‘ஏறக்குறைய’ என்று இருந்தது என்பதும் விளங்கிவிட்டது. 72 என்னும் எண்ணை வட்டி வீதத்தால் வகுத்தால் இரட்டிக்கும் காலம் ஏறக்குறைய வரும் என்னும் வழக்குக் கணக்கும் இதனோடு ஒத்துப்போகிறது.

அந்நேரம் தந்தை ஆலையிலிருந்து வந்தார். மூத்த மகளின் திருமணத்துக்கு அட்சய திருதியையன்று நகை எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காக இரண்டு லட்சம் ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டிக்குத் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். மூன்று வட்டி என்பது மாதத்துக்கு மூன்று விழுக்காடு. பேச்சு வாக்கில் அது சிறிய எண். எட்டைவிட மூன்று சிறிது அன்றோ என்று காதுக்குத் தோன்றும்.

சிறுமி ஏட்டைத் திருப்பினாள். “அப்பா, இதையும் போட்டுப் பார்க்கட்டுமா?” 1.03இன் மடக்கை 0.0128. 0.3010ஐ அதனால் வகுத்தால் இருபத்துமூன்றரை. ஆண்டு அல்ல, மாதம். வட்டியைக் கட்டாமல் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் இரண்டு ஆண்டு நிறைவதற்குள் கடன் இரு மடங்காகும். ஐந்தாண்டில் ஏறத்தாழ 11 லட்சத்து 78 ஆயிரமாகும். மாதந்தோறும் தவறாமல் 6,000 ரூபாய் வட்டி கட்டினாலும், ஐந்தாண்டில் 3 லட்சத்து 60 ஆயிரம் கைவிட்டுப் போயிருக்கும். முதலான இரண்டு லட்சம் அப்படியே நிற்கும்.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு லட்சம் மட்டும் வாங்கினால் இரட்டிக்க இன்னும் கொஞ்சம் காலம் ஆகுமா?” என்றார்.

“ஆகாது அப்பா. முதல் எவ்வளவானாலும் காலம் அதேதான். சமன்பாட்டில் முதல் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. வட்டி வீதம்தான் காலத்தைத் தீர்மானிக்கிறது.”

கூட்டு வட்டிப் பாடத்தின் உயிர்நிலை அந்த ஒரு விடையில் இருக்கிறது. கடன் வாங்குவோர் பெரும்பாலும் தொகையைப் பார்ப்பர், வீதத்தைப் பார்ப்பதில்லை, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதை அறவே பார்ப்பதில்லை. மாதம் பத்து வட்டி என்றால் ஏழு மாதம் கடந்த சில நாளிலேயே கடன் இரட்டித்துவிடும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலிய கொடுமைகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சட்டம் காக்க வருமுன் கணக்குக் காக்க முடியும். ஆனால் அக்கணக்கு வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு அவ்வீட்டில் நகை குறைவாகவே எடுக்கப்பட்டது. கையிலிருந்த சேமிப்புக்குள் அடங்கிய அளவே எடுத்தார்கள். மூத்தவளே, “எனக்கு இது போதும் அப்பா” என்றாள். பொருளுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும் இல்லற நோன்பைச் சமணம் வற்புறுத்துவதன் நுட்பம், அந்தச் சொல்லில் இருக்கிறது. அட்சயம் என்றால் குறையாதது. கரும்பின் சாறு அளித்தவன் பெற்ற புண்ணியம் குறையாதது என்றனர் பெரியோர். கடன் வாங்கி நகை எடுப்போர்க்குக் குறையாமல் நிற்பது கடனே.

பெருக்கம் என்றாலே தீது எனக் கருதற்க. அதே திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு அருகே ஐவர்மலை உள்ளது. பண்டைப் பெயர் திருவயிரை. அங்கே பாறையில் சமணத் திருவுருவங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792இல், அதாவது 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு ஒன்று அங்குள்ளது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ பட்டாரர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கி, வழிபாட்டுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்கும் 505 காணம் பொன் வைத்ததை அது கூறுகிறது. பொன் வைத்தல் என்பது செலவழிக்கக் கொடுத்தல் அன்று. முதல் கெடாமல் நிற்க, அதன் பலிசை கொண்டு அறம் நடத்துவதே அக்கால வழக்கம். அதே பாண்டியர் காலத்துத் திருச்செந்தூர்க் கல்வெட்டு இதனைத் தெளிவாகக் காட்டும். அங்கே வைத்த 1,400 காசுக்கு, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் பலிசை. முதல் வளராது, தேயவும் தேயாது. வட்டி ஆண்டுதோறும் பிறர் வயிற்றுக்கு உணவாகும்.

இன்றைய அறக்கட்டளைகளின் வைப்பு நிதியும் அவ்வழி வந்ததே. ஆயினும் விலைவாசி ஏறும் காலத்தில், வரும் வட்டி முழுவதையும் செலவிட்டால் முதலின் மதிப்பு மெல்லக் கரையும். எட்டு விழுக்காடு வட்டி வருவதாகக் கொண்டு, ஐந்தை அறத்துக்குச் செலவிட்டு, மூன்றை முதலோடு சேர்த்தால் என்ன ஆகும்? சிறுமியின் ஏட்டிலிருந்த அதே 0.0128, அதே இருபத்துமூன்றரை. இம்முறை மாதம் அன்று, ஆண்டு. ஒரு தலைமுறைக்குள் நிதி இரு மடங்காகும். வட்டிக் கடையில் குடும்பத்தை அழிக்கும் அதே மூன்று, பொறுமையோடு கூடினால் அறத்தை வளர்க்கிறது. எண் ஒன்றே, அதனை ஆளும் காலமும் கருத்துமே வேறு.

பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கணக்கில் உதவி கேட்டால், ‘எனக்கு அந்தப் பாடம் தெரியாது’ என்று எழுந்துவிடாதீர்கள். விடையை மட்டும் சொல்லி அனுப்பிவிடவும் வேண்டா. “கேள்வி என்ன கேட்கிறது?” என்று கேளுங்கள். முதல் இரண்டு படிகளை அவர்கள் கையாலேயே போடச் செய்யுங்கள். நாழி, பதக்கு, நெல், நிலம், வீட்டுக் கடன் என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றோடு அதனைச் சேர்த்துக் காட்டுங்கள். வேடசந்தூர் முதியவருக்கு மடக்கை தெரியாது. எத்தனை முறை என்று கேட்கத் தெரியும். அது போதுமானதாயிற்று.

மாணவச் செல்வங்களே! அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்து எழுதுவதோடு நில்லாதீர்கள். பாடம் முடிந்தபின், வீட்டில் உள்ள கடன் எத்தனை மாதத்தில் இரட்டிக்கும் என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். போட்டதைத் தந்தைக்கும் தாய்க்கும் காட்டுங்கள். சுந்தரிக்குத் தந்தை எண் கற்பித்தார். இந்த வீட்டில் தந்தைக்கு மகள் கற்பித்தாள். இருவழியும் கல்வி நடக்கும் வீட்டில் அட்சயம் தங்கும்.

அறம் வளர்க! அருகன் திருவருள் யாவர்க்கும் ஆகுக!